எண்ணெய் குடிக்கும் தாள்

கல்லுக்கட்டியில் என் கடை.
பழைய பேப்பர், காலி பாட்டில், தகரம்.

ருசியப் பத்திரிகை வழவழவென்று தடித்த தாள்.
டிராக்டர் மேல் தலைத்துண்டுக்காரி சிரித்தபடி இருப்பாள்.
ஜூன் மாதம் பிள்ளைகள் வந்து
நோட்டுக்கு அட்டை போட வாங்கிப்போவார்கள்.
கணக்கு நோட்டுக்கு விண்வெளிக்காரன்,
வரலாற்றுக்கு அணைக்கட்டு.

அமெரிக்கத் தாள் மெலிசு.
பஜ்ஜிக்கடை முத்துராக்குக்கு அதுதான் வேண்டும்.
"அமெரிக்கா எண்ணெயைக் குடிக்கும் ராவுத்தரே,
ருசியா குடிக்காது" என்பான்.
கோதுமை மாவுப் பையில் தைத்த
அவன் கால்சட்டையின் பின்புறம்
இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும்.
உட்கார்ந்தாலும் விடாது.

கட்சி உடைந்த வருஷம்
ருசியக் காகிதம் மூட்டை மூட்டையாக வந்தது.
ஏனென்று கேட்கவில்லை.
எடை போட்டேன்.

எழுபத்தாறு மாசியில்
சைகோனுக்குக் கொண்டுவிக்கப் போன சொலையப்பன்
பேரேடுகளைச் சைக்கிளில் கட்டி வந்தார்.
மேலே பிள்ளையார் சுழி.
உள்ளே நம் எழுத்தில் அவர்கள் பெயர்:
நுயென் தி லான், மீன் கூடை, வட்டி இவ்வளவு.
பதினாலு கிலோ.

"செவப்புக்கொடி வந்துருச்சு, வசூல் இல்லை.
மத்தவன் ஹெலிகாப்டர்ல ஏறிட்டான்.
போடுங்க எடை."

காசை எண்ணாமல் பையில் போட்டார்.
அடுத்தாளாக முப்பது வருஷம் இருந்தவர்.

எட்டாம் நாள் மறுபடி வந்தார்.
"ஒரு தாள் மட்டும் வேணும். அந்த மீன்காரி.
டாங்கி வர்றதுக்கு முந்தின நாள்,
கடையைப் பாதி சாத்தியிருந்தேன்,
கதவைத் தட்டி அசலும் வட்டியும்
கையில வச்சுட்டுப் போனா.
கணக்கு முடிச்சவளை
எடைக்குப் போட்டிருக்கக் கூடாது."

பேரேடு முத்துராக்கிடம் போய் மூன்று நாள்.
அமெரிக்காவைவிட நன்றாகக் குடிக்கிறதாம்.

சொலையப்பன் பஜ்ஜி வாங்கினார்.
பொட்டலத்தைப் பிரித்தார், படித்தார்,
பஜ்ஜியை நாய்க்குப் போட்டார்,
இன்னொன்று வாங்கினார்.
நாலு நாய் ஆயிற்று.
பிறகு நாய்களுக்கும் போதும் என்றாயிற்று.

நான் கடை அடைக்கும்போதும்
பெஞ்சில்தான் இருக்கிறார்.
எண்ணெய் ஊறிய தாளில்
முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே தெரிகின்றன.
பற்று எது வரவு எது என்று
பெட்ரோமாக்ஸுக்கு நேராகத்
தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.