பிரிக்க வசதியாக

பஃபலோ அரங்கின் தரைக்குக் கீழே,
ஜன்னல் இல்லாத அறையில்
ஆட்டக்காரர் சட்டைகளில் பெயர் தைக்கிறேன்.
ராய்ஸ் ஹல்வர்சன் மேலாளராய் இருந்த நான்கு வருடம்
தைத்ததைவிடப் பிரித்ததே அதிகம்.
மாடியில் தொலைபேசி அடிக்கும்.
கீழே நான் கத்தரிக்கோல் தேடுவேன்.

ப்ரூவிட்டை விற்றது ஒரு பிப்ரவரி வியாழன்.
ஏரிப்பக்கத்துப் பனி
நிறுத்தியிருந்த கார்களை மூடிக்கொண்டிருந்தது.
பதினோரு வருடம் எங்களுக்காக ஆடியவன்.
பதிலுக்கு வந்தது
முழங்கால் போன ஒருத்தன்,
அப்புறம்
ஐந்து வருடம் தள்ளி ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை.
அதற்கும் நிபந்தனை:
முதல் மூன்று இடத்துக்குள் விழுந்தால்
அது அவர்களுக்கே.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்றேன்.
என் மச்சினன் காஸிமிர் சொன்னதை
எழுத முடியாது.
ஹல்வர்சன் படத்தை கராஜ் கதவில் ஒட்டி
பனியுருண்டை எறிந்தான்,
ஐம்பத்தெட்டு வயதில்.

தேர்வுரிமை என்றால் யார்?
எங்கோ எட்டாம் வகுப்பில்
வீட்டுப்பாடம் மறந்து நிற்கும் ஒரு பையன்.
குரல்கூட இன்னும் உடைந்திருக்காது.
அவனுக்காகத்தான்
ப்ரூவிட்டின் ஏழு எழுத்தையும்
ஒவ்வொன்றாய் உரித்தேன்.

தோற்பதற்கென்றே ஆடிய அந்த வருடங்களில்
ஒருமுறை நான்காம் இடம் கிடைத்தது.
ஊருக்கு வேண்டியது டெல்ரோய் வின்ஃபீல்ட்.
பந்து அவன் கைக்குப் போனாலே
கூட்டம் எழுந்து நிற்கும்.
ஹல்வர்சன் எடுத்ததோ
லித்துவேனியாவிலிருந்து ரிமான்டஸ் க்ரிக்ஷ்டோபைடிஸ்.
பதின்மூன்று எழுத்து,
ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் முடியும்.
ஓடினால் யாரோ அலமாரியை நகர்த்துவது போலிருக்கும்.
படிக்கட்டில் நின்று நானும் ஊளையிட்டேன்.

வின்ஃபீல்ட் வேறு ஊரில் நட்சத்திரமானான்.
மூன்றாம் வருடம் குதிகால் நரம்பு அறுந்தது.
அதே குளிர்காலம்
எங்கள் அலமாரி
பார்க்காமலே பந்தைக் கடத்தக் கற்றிருந்தது.
அந்தக் குதிகால் ஹல்வர்சனுக்கு முன்பே தெரியுமா?
தெரியாது.
தெரியாமலே சரியாய் இருந்தவனுக்கு
எத்தனை மதிப்பெண் போடுவது?

ஒன்றை மட்டும் மன்னிக்கவில்லை.
கோவிங்டன் ஆஸ்பத்திரியில்
மகளைக் கையில் வாங்கிய மதியம்
அவனை வேறு ஊருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி.
கணக்கு எப்படி வந்தாலும்
அது தப்பு.

அறுபத்தைந்தாவது தோல்விக்கு மறுநாள்
ஹல்வர்சனையே பிரித்தெடுத்தார்கள்.
பின்கதவுக்கு வழி என் அறையைத் தாண்டி.
அட்டைப்பெட்டியோடு நின்றார்.
“உங்களுக்கு நிறைய வேலை வைத்துவிட்டேன்.”
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருநாள் வந்தே விட்டான்.
ஓரென் பாஸ்காம்.
அவன் தோளை அளக்க
நான் ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது.
மேடையில் அவன் கையைக் குலுக்கியவர் புது மேலாளர்.
பத்திரிகைகள் அவர் கண்ணின் கூர்மையைப் புகழ்ந்தன.
காஸிமிரும் புகழ்ந்தான்.
ப்ரூவிட் பற்றி நான் எடுத்துச் சொன்னால்
“பழசையெல்லாம் கிளறாதே” என்றான்.

ஹல்வர்சன் காலத்தில் என் கைக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது:
பிரிக்க வசதியாகத்
தளர்த்தித் தைப்பது.
அவர் போனார், அது போகவில்லை.

பாஸ்காமின் இரண்டாம் வருடம், பிளே-ஆஃப்.
எதிரணிக்காரன் முதுகைப் பிடித்து இழுத்தான்.
கடைசி எழுத்து நூலில் தொங்கியது,
தேசமே பார்க்க,
மூன்று கோணத்தில், மெதுவாக.
விடிவதற்குள் ஊருக்கெல்லாம்
தையலைப் பற்றித் தெரிந்திருந்தது.
காஸிமிர் கூப்பிட்டான்:
“உன்னைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.”
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இருபத்தாறு வருடம்.
எத்தனை ஆயிரம் எழுத்து என்று
நானும் எண்ணியதில்லை.

சட்டையை மேசைமேல் விரித்து
ஊசியில் நூல் கோத்தேன்.
எவ்வளவு இறுக்கலாம் என்று
கை கொஞ்சம் தயங்கியது.
அவன் ஒப்பந்தத்தில் இன்னும்
இரண்டு வருடம் பாக்கி.