மூடியின் ஓரம்

மூன்றாம் நாளும் குமிழி வரவில்லை.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
டார்ச்சோடு குந்தியிருக்கிறான் கிளமெண்ட்.
பீரோ பக்கத்தில் பீர் என்று
முதல் நாள் அவனே சொல்லி அவனே சிரித்தான்.
இப்போது சிரிப்பில்லை.

இருபது லிட்டர் வெள்ளை வாளி.
மூடியில் துளை, துளையில் வளைந்த குழாய்,
குழாயில் கொதித்து ஆறிய தண்ணீர்.
அந்தத் தண்ணீர் ஒரு தடவை துள்ள வேண்டும்,
அவ்வளவுதான் அவன் கேட்பது.

"ஈஸ்ட்டை நான்தான் கொன்னுட்டேன் போல.
கஞ்சி ஆறுறதுக்குள்ள
சூட்டோட சூடா கொட்டிட்டேன்."

மே மாதம். பெரம்பூர். மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை.
வாளிக்கு ஈரக் கோணி, கோணிக்கு டேபிள் ஃபேன்,
நாங்கள் இருவரும் வியர்வையில்.
மார்ச்சில் அம்பத்தூர் கம்பெனி மூடியதிலிருந்து
இந்த வாளி ஒன்றைத்தான்
நேரம் தவறாமல் குளிப்பாட்டுகிறான்.

"நீ பாரேன். உனக்குத் தெரியும்ல."

கொடுங்கையூரில்
ஊரின் சாக்கடையைச் சோதிக்கிறவள் நான்.
நொதிக்கும் தொட்டிகள் விடுகிற மூச்சை
நாளைக்கு இரண்டு தடவை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள்.
ஆறு வருடத்தில்
வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொன்ன என் வேலையை
இன்றுதான் உள்ளே கூப்பிடுகிறான்.

கூந்தலை முடிந்துகொண்டு காதை வைத்தேன்.
பக்கத்து வீட்டில் எதுவோ வதங்குகிற மாதிரி
ஒரு பொடிச் சத்தம். இருக்கலாம். ஃபேனாகவும் இருக்கலாம்.
மூக்கை வைத்தேன்.
கோயம்பேட்டில் மூட்டம் போட்ட பூவன் தார்,
அதற்கடியில் ரொட்டிக்கடை.
அழுகலில்லை. அழுகலை நான் தப்பாகச் சொல்லமாட்டேன்.

பிறகு துணி சோப்பை நுரைத்து எடுத்து வந்தேன்,
புது சிலிண்டர் மாட்டினால் தடவுவோமே, அப்படி
மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவினேன்.
பீரோ பக்கம் ஒன்றுமில்லை.
ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை.
சுவரை ஒட்டி, அவன் டார்ச் எட்டாத இடத்தில்
நுரை ஒரு கடுகு, ஒரு கொத்தமல்லி, ஒரு சுண்டைக்காய்,
பட்.
மறுபடி கடுகு.

"குழாய் வழியா வர அதுக்கென்ன தலையெழுத்து,
இங்க கதவு திறந்து கிடக்கு."

அவன் நம்பவில்லை.
சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்தோம்,
கண்ணாடி மிதவையை விட்டோம்.
முதல் நாள் ஆயிரத்து நாற்பத்தெட்டு.
இப்போது ஆயிரத்துப் பதினாறு.
சொல்லாமல் கொள்ளாமல்
முப்பத்திரண்டு புள்ளி இனிப்பைத் தின்றிருக்கிறது.
நாளைக்கும் பார், நாளன்றைக்கும் பார் என்றேன்,
எண் நகராமல் நின்றால்தான் முடிந்தது,
அதற்கு முன் அடைத்தால் பாட்டில் வெடித்து
கீழ் வீட்டு ஓனரம்மா மேலே வந்துவிடும்.

குழாயில் மிஞ்சியதை ஆளுக்கொரு வாய் குடித்தோம்.
வெதுவெதுப்பு. கசப்பு. பாதி இனிப்பு.
உள்ளே யாரோ இன்னும் பேசி முடிக்காத மாதிரி.

"அப்போ சத்தம்?" என்றான்.
எண் போதவில்லை அவனுக்கு.
மூடிமேல் பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்து
அதன்மேல் முழங்காலை ஊன்றி அமுக்கினான்,
இரண்டு நிமிடம், மூன்று,
நெற்றி வியர்வை சொட்ட.

களுக்.

திரும்பிப் பார்க்கவில்லை அவன்.
அடுத்ததற்கு எத்தனை நொடி என்று
என் உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது.
பதினொன்று.
மாதாக் காலண்டரில் தேதிக்குக் கீழே எழுதினேன்,
ஆயிரத்துப் பதினாறு, பதினொரு நொடி, வாடை சரி.
பழக்கதோஷத்தில்
கையெழுத்தும் போட்டுவிட்டேன்.