தங்கும் நோக்கம்

சாஸ்திரி பவனில் என் டோக்கன் நாற்பத்தேழு.
மின்விசிறி பாதி ஹாலுக்குத்தான் வீசுகிறது.
அந்தப் பாதியில் மூன்று சூடான் பையன்கள்,
கைக்குழந்தையோடு ஒரு கென்யப் பெண்.
மீதிப் பாதியில்
தமிழ் நாளிதழை மடித்து விசிறிக்கொள்கிற
ஒரே வெளிநாட்டுக்காரி.

பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தவர் வாசித்தார்:
"தேவமலர் ஏ பி சின்னக்கண்ணு.
ஏ பி, ஆந்திரப் பிரதேசமா?"
மகள் என்று அர்த்தம் சார், மலாயில்.
"சின்னக்கண்ணு மகள்னு நேரா போடறதுதானே."
போட்டிருக்கலாம்.
ஆள் மாறினாலும் கேள்வி மாறாத கவுன்டர் அது.

"படிப்புதான் முடிஞ்சிருச்சே,
இன்னும் ரெண்டு மாசம் எதுக்கு?"
பட்டமளிப்பு விழா சார்.
"பட்டத்தைத் தபால்ல அனுப்புவாங்கம்மா.
சரி, இதை நிரப்பிட்டு வந்து நில்லு."

படிவத்தில் ஒரு கட்டம், தங்கும் நோக்கம்.
தீப்பெட்டி அளவு.
அதற்குள் எழுத என்னிடம் கொளஞ்சி இருக்கிறார்.
ஆட்டோ ஓட்டியவர். பக்கவாதம், இடப்பக்கம்.
போரூர் மருத்துவமனையின் தரைத்தளத்தில்
ஏழு வாரமாக இருவரும்
ஒரு சட்டையோடு மல்லுக்கட்டுகிறோம்.
மூன்றாவது பொத்தான் வரை வந்தாயிற்று.
நான்காவதில் விரல் சறுக்கும்.
கெட்ட வார்த்தை ஒன்று வரும்.
"உனக்கு அதெல்லாம் புரியாதும்மா" என்பார் உடனே.
நன்றாகவே புரியும்.

வந்த முதல் வாரம்
வளசரவாக்கம் விடுதிக்கார அக்காவிடம்
"பசியாறியாச்சா" என்று கேட்டேன்.
"எது ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டா?" என்று
அடுப்பைப் பற்ற வைத்தாள்.
போன மாதம் அம்மாவிடம்
"டிபன் ஆச்சா" என்று கேட்டுவிட்டேன்.
கிள்ளானிலிருந்து ஒரே சிரிப்பு.
அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

திட்டம் இல்லாமல் இல்லை.
ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் போட்டு வைத்திருக்கிறேன்:
கிள்ளானில் தனியார் கிளினிக், ஆரம்பச் சம்பளம் இவ்வளவு.
அதற்கு முன் இந்தப் பட்டத்துக்கு அங்கே ஒப்புதல்,
எத்தனை மாதமோ, கேள்விக்குறி.
அப்பா சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டிய தொகை,
அதற்குக் கீழே இரண்டு கோடு.
துறைமுக லாரியில் அவர் இன்னும் இரவு நடை போகிறார்
என்பதை எழுதவில்லை, தெரிந்ததுதானே.
அல்லது முதுகலை. எங்கே?
ஓர் அம்புக்குறி.
அம்பு போய் நிற்கும் இடத்தில் காபிக் கறை.

முதல் வருடம் எதைத் தொட்டாலும்
பதினெட்டால் வகுப்பேன்.
இளநீர், ஆட்டோ, செருப்பு தைக்கிற கூலி.
வகுத்து வெள்ளியாக்கிய பிறகுதான்
விலை மனசில் ஏறும்.
நேற்றிரவு அப்பா சொன்னார்,
கிளினிக் பக்கத்திலேயே ஓர் அறை,
நானூற்றைம்பது வெள்ளிதான் வாடகை.
எட்டாயிரத்துச் சொச்சமா, என்றேன்.
"எந்த ஊர்க் கணக்கு சொல்றே?" என்றார்.

நான் வந்திறங்கியபோது ஆற்காடு சாலையில் பள்ளம்.
பிறகு பள்ளத்துக்குள் கம்பி, கம்பியைச் சுற்றித் தூண்.
தூண்மேல் ரயில் ஓடும் நாளில்
நான் அதில் இருக்கமாட்டேன்.
இத்தனை வருடம் தூசி தின்றதற்கு
ஒரு டிக்கெட்டாவது தரலாம்.

மெத்தையைத் தேனிக்கார ஜூனியருக்குப் பேசி முடித்தாயிற்று.
மின் அடுப்புக்கு இரண்டு பேர் போட்டி.
வெள்ளைக் கோட்டை யாரும் கேட்கவில்லை,
பையில் என் பெயர் தைத்திருக்கிறது.

கட்டத்தில் "பட்டமளிப்பு விழா" என்று எழுதினேன்.
அதிலேயே நிரம்பிவிட்டது.

"முப்பது நாள்தான் தர முடியும்" என்றார்.
தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.
ஹாடோஸ் சாலையில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது.
கொளஞ்சியின் சட்டையில் மொத்தம் ஏழு பொத்தான்.
கழுத்துப் பொத்தானை யாரும் போடுவதில்லை,
ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.