வாய் இருக்குமா

புது மெஷின் வர்ற தீபாவளிக்கு என்கிறான் இசக்கிராஜா.
இல்லை, ஆனித் தேரோட்டம் கழிந்துதான் என்கிறான் எட்வின்.
போன வாரம் ஆடிய இரண்டு மணி நேரத்துக்கு
ரெண்டு பேரும் இன்னும் காசு தரவில்லை.

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
தகரக் கூரை,
மூன்று டிவி, ஐந்து நாற்காலி,
அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை.
கத்திரி வெயிலில் இப்போதுள்ள மெஷினின் விசிறி
கரும்புச்சாறு பிழிகிற மாதிரி இரையும்.
எங்கேயோ பனி பெய்கிற ஊரில்
ஏசி அறையில் வைத்துச் சூடு பார்த்திருப்பார்கள்.
ஒரே ஒரு மே மாதம், மத்தியானம் ரெண்டு மணிக்கு,
பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும்.
வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
பையன்கள் ஆரூடம் எழுதிப் பந்தயம் கட்டுகிறார்கள்.
அப்பளம் கனம்தான் இருக்குமாம்.
விலை அறுபதாயிரம். இல்லை, எண்பது.
"எண்பதுக்குக் கன்னுக்குட்டியோட மாடே வாங்கலாம்லே."
"மாட்டுல என்னத்தல வெளையாட?"
மைதானப் புல்லில் பனித்துளி தெரியுமாம்,
துளிக்குள்ளே ஆட்டக்காரன் முகமும்.
வர்ணனை தமிழில் வருமாம்.
எந்தத் தமிழ் என்று கேட்டான் செய்யது.
"நம்ம தமிழ்தாம்ல. கோல விட்டா,
சவத்தெளவு, அங்க என்னத்தல பாத்துக்கிட்டு நின்னன்னு கேக்கணும்."
அதற்கு மட்டும் மூன்று கையெழுத்து.

யாரும் தொடாமலே இடப்பக்கம் நகராத குச்சி வேண்டும்
என்று நானும் எழுதினேன்.
பதினேழு கன்ட்ரோலரைத் திறந்து
ஸ்பிரே அடித்து மூடியவனின் நியாயமான ஆசை.

பிறகுதான் எட்வின் சொன்னான்:
டிஸ்க் போடுகிற வாய் இருக்காது.
"எல்லாம் நெட்லயே எறங்கிரும் அண்ணாச்சி.
கையால தொடவே வேண்டாம்."
தொட வேண்டாம் என்பது
அவனுக்கு நல்ல செய்தி.

என்னிடம் ஒரு கால்பந்து டிஸ்க் இருந்தது.
மார்க்கரில் என் பெயர்.
முன்னீர்பள்ளம் போய், தருவை போய்,
சேரன்மகாதேவியில் யார் வீட்டிலோ மூன்று மாதம் கிடந்து
சால்னா பட்ட கட்டைவிரல் ரேகையோடு திரும்பி வரும்.
துடைத்துப் போட்டால் ஓடும்.
கடைசியாக அது களக்காட்டுக்குப் போயிற்று,
தளவாயோடு.

கடையில் பாதி அவன்.
இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டாம் என்றான்,
பதினோராயிரம் தண்டம் என்றான்.
நான் வாங்கிவிட்டேன்.
அன்றைக்குப் பேசினதை இங்கே எழுத வேண்டாம்.
இப்போது வாழைத்தார் ஏலத்தில் கணக்கு எழுதுகிறானாம்.
டிஸ்க்கை அவன் திருடவில்லை.
அவன் பையில் இருந்தது, அவ்வளவுதான்.
எடுத்துக் கொடுக்க ஒரு சொல் வேண்டியிருந்தது,
அது ரெண்டு பேரிடமும் இல்லை.

நாலு வருஷம்.
பழைய விலைக்கு முந்நூற்றைம்பது பெறாத சாமானைக் கேட்டு
யார் போன் பண்ணுவார்கள்?

ஆனால் இன்னொரு வதந்தியும் உலவுகிறது:
பழைய டிஸ்க் எல்லாம் புது மெஷினில் ஓடுமாம்.
அது மட்டும் நிஜமானால்
சும்மா, தொழில் விஷயமாகக் கேட்கிற மாதிரி,
"வே, அந்த டிஸ்க் கெடக்கா?" என்று கேட்டுவிடலாம்.
பார்சலில் அனுப்பாதே, கீறல் விழும்,
நானே வருகிறேன் என்றும் சொல்லலாம்.
களக்காட்டுக்கு அரை மணிக்கு ஒரு பஸ்.

காலண்டர் தாளை என் பக்கம் தள்ளினான் எட்வின்.
"நீங்க எதுக்குக் கட்டுதிய அண்ணாச்சி?"
வாய் இருக்கும் என்று எழுதி
நூறு ரூபாயை மேலே வைத்தேன்.
"தோத்துருவிய" என்றான், கொஞ்சம் வருத்தமாகவே.

அந்நேரம் கரண்ட் போயிற்று.
கீழே ஜெராக்ஸ் நின்றது, தெரு விளக்கு நின்றது.
மூலையில் க்ளிக் என்று
அந்தப் பதினோராயிரம் ரூபாய் பேட்டரி எடுத்துக்கொண்டது.
எண்பத்தெட்டாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
பந்து செய்யதின் காலில்.