உரிமைகோரல் பதினான்கு

பெருங்குடியில் மாவு மில்லுக்கு மேல்மாடி.
மூன்று பேர், இரண்டரை மேசை.
கீழே மிளகாய் அரைத்தால்
மேலே எல்லோரும் தும்முவோம்.

கேன் தண்ணீர் போடுகிறவர்களுக்கு
வழி சொல்லும் செயலி எங்களுடையது.
பூட்டிய வீட்டைத் தாண்டிப் போ,
பக்கத்துத் தெருவை முடி,
திரும்பும்போது இன்னொரு முறை மணியடி.
அவ்வளவுதான். நாற்பத்தொரு வரி.

செவ்வாய்க்கிழமை வந்தது கடிதம்,
கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
"நிறைவேறாத முனையத்தைத் தற்காலிகமாக ஒத்திவைத்து,
அண்மை முனையங்கள் தீர்ந்தபின்
மீள அணுகும் ஒரு முறைமை."
உரிமைகோரல் பதினான்கு.

ஏழுமலை அண்ணன் எக்செல் வண்டியில்
தினமும் செய்வதற்கு
இவ்வளவு பெரிய பேரா என்று சிரித்தான் ரியாஸ்.

நான் சிரிக்கவில்லை.
இணைப்பின் முதல் பக்கத்தில்
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில்
என் பெயர்.
இனிஷியல்கூடத் தப்பில்லாமல்.

சிறுசேரி. ஒன்பது வருஷம் முன்னால்.
காலாண்டுக்கு ஆளுக்கொரு ஐடியா தரவேண்டும்.
கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்க
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.
வக்கீல் பாஷையில்
என் யோசனை எனக்கே அடையாளம் தெரியவில்லை.
முப்பதாயிரம் ரூபாய், ஒரு கண்ணாடிப் பலகை.
ரூபாய் ஃப்ரிட்ஜ் ஆனது.
பலகை, வாஷிங் மெஷின் ஆடாமலிருக்க
ஒரு காலுக்கு அடியில்.

பிறகு கம்பெனி அதை விற்றிருக்கிறது,
நூற்றுச் சொச்சம் காகிதங்களோடு, மொத்த விலைக்கு.
வாங்கியவர்களிடம் ஒரு புரோகிராமரும் இல்லை.
தபால்தலை நிறைய.

"இங்க இது நிக்காது மேடம்," என்றார்
பாரிமுனை வக்கீல், டீயை ஆற்றியபடி.
"ஆனா உங்களுக்குக் காசு போடுறவங்க
அங்கதானே இருக்காங்க?"
"இதை எழுதினதே நான்தான் சார்."
"அது இன்னும் மோசம்.
தெரிஞ்சே செஞ்சதா ஆயிடும்."

அன்றிரவு நாற்பத்தொரு வரியையும் அழித்தேன்.
அழிக்க ஒரு விரல் போதும்.
வேறு மாதிரி யோசிக்கத்தான் வரவில்லை;
எந்தச் சந்தில் புகுந்தாலும்
அந்தப் பதினான்கிலேயே வந்து முட்டுகிறது புத்தி.

இப்போது செயலி
பூட்டிய வீட்டை மறந்துவிடுகிறது.

சனிக்கிழமை ஏழுமலை அண்ணன் போன்,
பின்னால் துரைப்பாக்கம் சிக்னலின் ஹாரன்கள்.
"ஏம்மா, அந்த மூணாவது மாடி வீட்டைத்
திரும்பக் காட்டவே மாட்டேங்குது?
அந்தம்மா என்னைத் திட்டுது."

சர்வர் பிரச்சினை என்றேன்.

"சரி வுடு,
நானே ஞாபகம் வச்சுப் போய்க்கறேன்,"
என்று வைத்துவிட்டார்.