பாண் கணக்கு

தை பிறந்தால் என் கடையில் கூட்டம்.
ஓய்வூதியக்காரர் வந்து நின்று
தாங்கள் இன்னும் சாகவில்லை என்கிற படிவத்தில்
இரண்டு பிரதி எடுக்கிறார்கள்.
தட்டாதெருச் சந்தி. பக்கம் இருபது ரூபாய்.

அருளப்பு மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறார்.
கிராம சேவகரின் முத்திரை கொஞ்சம் கலங்கியிருக்கிறது.
"தெரியுதுதானே பிள்ளை, நான் உயிரோட இருக்கிறன் எண்டு?"
"வடிவாத் தெரியுது மாஸ்டர்."

எனக்கு அந்தப் படிவம் வராது.
மாதக் கடைசியில் எனக்குச் சம்பளம் தருபவள் நான்,
அதில் பிடித்துக்கொள்பவளும் நான்.
நாற்பத்தொன்பது வயது.
இருபத்தாறில் ஒரு பேச்சுக்கால் வந்தது:
கச்சேரியில் கிளார்க், பென்சன் உள்ள உத்தியோகம்.
அந்தப் பென்சனுக்கு விலையாக
வீடும் வளவும் கேட்டார்கள்.
வளவில் பாதி அப்போது மிதிவெடி.
மற்றப் பாதி தங்கச்சிக்கு.

உண்டியல் என்றால் எனக்கு முதலில்
நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய மண் உண்டியல்தான்.
காசு விழும் சத்தத்தைச் சேமிப்பு என்று நம்பினேன்.
பிறகு அதே சொல்லில்
ஸ்காபரோவிலிருந்து அண்ணனின் காசு வந்தது.
ஹெல்மெட் கழற்றாத ஒரு பொடியன்
பத்து ரூபாய்த் தாளின் இலக்கம் கேட்டு
எண்ணித் தந்துவிட்டுப் போவான்.
"நான் இருக்கேக்க உனக்கென்ன யோசனை?" என்ற நேசண்ணாவுக்கு
போன வருடம் முழங்கால் போனது, வேலையும் போனது.
இப்போது, யாழ்ப்பாணத்தில் எலும்பு டாக்டர்மார்
எவ்வளவு எடுப்பினம் என்று அவர் கேட்கிறார்.

இடையில் சீட்டும் கட்டினேன்.
புஸ்பமலரக்கா பதினெட்டாம் மாதம்
ஏழரை பஸ்ஸில் ஏறினவ.
இன்னும் இறங்கவில்லை.

வங்கியில் மேசைக்கு அப்பாலிருந்த பிள்ளை
திறைசேரி உண்டியல் என்றாள்.
"அரசாங்கத்துக்கு நீங்கள் கடன் குடுக்கிறீங்கள் அக்கா.
தொண்ணூற்றொரு நாளில திருப்பித் தருவினம்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அரசாங்கம் தரவேண்டியவற்றின் பட்டியல் ஒன்று
எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது.
அதில் ஒன்றுக்கும் நாள் குறித்திருக்கவில்லை.
கையெழுத்து வைத்தேன்.
நாள் தவறாமல் தந்தது.
அதுதான் நம்ப முடியாமல் இருந்தது.

பெற்றோலுக்கு வரிசை நின்ற வருடம்
என் கொப்பி முழுவதும் பொய்யானது.
ஏழு லட்சம் ஏழு லட்சமாகவே இருந்தது.
பாண் எழுபதிலிருந்து இருநூறுக்குப் போயிருந்தது.
பத்தாயிரம் பாண் மூவாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கியது.
எலி தின்னவில்லை. ஒருவரும் களவெடுக்கவில்லை.

அன்றிலிருந்து ரூபாயில் எழுதுவதில்லை.

அம்மாவின் பக்கத்தில் எண்பத்தாறுக்கு முன்
ஒருவரும் போனதில்லை,
ஷெல் விழுந்து போனவர்களைத் தவிர.
அவர்களைச் சேர்த்தால் சராசரி குறைகிறது,
எனக்குத் தேவையான காசும் குறைகிறது.
இரண்டு தரம் சேர்த்துப் பார்த்தேன்.
இரண்டு தரமும் அழித்தேன்.

அறுபதிலிருந்து எண்பத்தாறு.
பருப்பு, கரண்ட் பில், பிறஷர் குளிசை,
செத்தவீடுகளுக்குப் போய்வரும் ஓட்டோ
எல்லாவற்றையும் பாணாக்கினால்
நாளுக்கு எட்டு.
மொத்தம் எழுபத்தையாயிரத்துத் தொளாயிரத்து இருபது பாண்.
இன்றைக்கு என்னிடம் பதின்மூவாயிரம் இருக்கிறது.
இன்னும் பதினொரு வருடம்.
இயந்திரத்துக்கு டோனர் முடியப் போகிறது.

பக்கத்துக் கடை தயாளினி கேட்கிறாள்:
"ஒருவேளை எழுபதில செத்துப்போனீங்களெண்டால்,
உவ்வளவு பாணையும் என்ன செய்யிறது?"
"நீ தின்."
"தொண்ணூறில செத்தால்?"
பதில் சொல்லாமல் ஷட்டரை இழுத்தேன்.

இன்று எடுத்து வைத்தது:
மூன்று பாண்.

பேக்கரியைத் தாண்டும்போது சூடாக மணத்தது.
முருகல் பக்கத்தைப் பிய்த்து, நடந்துகொண்டே தின்றேன்.
அறுபத்தெட்டு வயதில் நான் ஒருத்தி
இதற்காக என்னைத் திட்டக்கூடும்.
திட்டட்டும், அவளுக்குப் பல் இருக்குமோ தெரியாது.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து
மூன்றை வெட்டி
இரண்டு என்று எழுதினேன்.