நீக்கப்பட்ட ஆறு

காலை ஐந்தரைக்குப் பிறையிலிருந்து பாலம் ஏறி வருவார் சூசைநாதன்.
மழைக்கோட்டையும் மீறி
முட்டி மட்டும் எப்போதும் நனைந்திருக்கும்.
கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது,
என் அட்டவணை சொல்லும் நாளில்
எலிகளின் தீனியை எடுத்துவிடுவது அவர் வேலை.
தண்ணீர் இருக்கலாம். தீனி கூடாது. இருபத்துநான்கு மணி நேரம்.
வெறும் வயிற்றில்தான்
வலி மாத்திரை தன் கைவரிசையை முழுதாகக் காட்டும்.

மூன்று வருடமாக அதைத்தான் அளக்கிறேன்:
மூட்டில் எரியும் அழலை அணைக்கப் போன மருந்து
போகிற வழியில்
இரைப்பைச் சுவரில் வைத்துவிட்டுப் போகும் தீயை.
சிலவற்றுக்கு மருந்து மட்டும்.
சிலவற்றுக்கு முன்னதாக வல்லாரைச் சாறு,
பாலிக் புலாவ் சந்தையில் கட்டு இரண்டு வெள்ளிக்கு வாங்கி
நிழலில் உலர்த்தி, ஊறவைத்து, வடித்தது.
ஆறு மணி நேரம் கழித்து
வளைவோடு கீறி, உப்புநீரில் அலசி,
மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி விரிப்பேன்.
இரண்டு தபால்தலை அகலம்.
உருப்பெருக்கியின் கீழ்
கறுப்புக் கோடுகளை மில்லிமீட்டரில் கூட்டுவேன்.

எந்த எலிக்கு எது கொடுத்தது என்று
அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது.
அந்தச் சீட்டு சூசைநாதனின் அலமாரியில்,
மாதா படத்துக்குப் பின்னால்.

அதே அலமாரியில்தான் அவருடைய மஞ்சள் மாத்திரைகளும்.
காலையில் இரண்டு, ஒரு கோப்பி-ஓ, வேறொன்றும் இல்லை.
பார்த்திருக்கிறேன்.
"முட்டிக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.
"ஆமாம்மா" என்றார்.
"பேனா இருக்கா?" என்று கேட்டேன் அடுத்து.

அந்தப் புதன்கிழமை
எலிகளைக் கொண்டுவந்தது வேறு பையன்.
முதல் இரைப்பையைக் கீறியதும்
உருண்டையாய், ஈரமாய், மாவு மணத்தோடு
தீனி.
இரண்டாவதிலும்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
மற்ற நான்கும் கூண்டுக்குத் திரும்பின.
செவ்வாய் விடியலில்
தீனித்தட்டில் கை வைப்பதற்கு முன்பே
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
சொல்லாமல் வீடு போயிருக்கிறார்.

துளை எட்டு மில்லிமீட்டர் என்றார் அறுவை மருத்துவர்.
எனக்குப் பழக்கப்பட்ட அளவு.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்
பிலோமினா என்னைப் பிடித்துக்கொண்டார்:
"நீ இதுதானே படிக்கிற, என்ன எழுதியிருக்கு?"
லாக்டேட் ஆறு புள்ளி ஒன்று.
ரத்தத்தில் யார் யாரை எழுப்புகிறார்கள்,
எந்தப் புரதம் எந்தக் கதவைத் தட்டுகிறது,
வரிசை மாறாமல் ஒப்பிப்பேன்.
என் ஆய்வேட்டின் இரண்டாம் அதிகாரம் முழுக்க அதுதான்.
"உடம்பு கிருமியோட சண்டை போடுதுக்கா."
"போடட்டும்" என்றார், முந்தானையை இறுக்கி.
சண்டையே வீட்டைக் கொளுத்திவிடும் என்பதை
நான் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு எண் இரண்டுக்கு இறங்கியது.
வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்கள்.
பாலால் எந்தப் புண்ணும் ஆறாது,
எனக்குத் தெரியும்.
இருந்தும் அந்தத் தாதி சொன்ன நேரத்தில்
எதுவோ வெதுவெதுப்பாய் உள்ளே இறங்கியது.

குழாயை எடுத்த மறுநாள்
தகரம் தேய்க்கும் குரலில் முதலில் கேட்டது:
"செவ்வாய்க்கிழமை தீனி எடுக்கலையேம்மா?"

ஏட்டில் எழுதினேன்:
தொகுதி நான்கு. எலிகள் ஆறு. நீக்கப்பட்டன.
காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனா நின்றது.
வயிறு நிறைந்திருந்தது.

மீதித் தொகுதிகளின் கூட்டல் முடிந்துவிட்டது.
வல்லாரை காத்ததா, இல்லையா,
சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
அலமாரிச் சாவி அவர் காற்சட்டைப் பையில்,
காற்சட்டை பிலோமினாவின் பிளாஸ்டிக் பையில்.
நான் இன்னும் கேட்கவில்லை.